சென்ட்ரல்ல இறங்கி, வந்த வழியே திரும்பிப் போறவங்க! கும்மிடிப்பூண்டி - திருவள்ளூர் லோக்கல் பயணிகளுக்கான ஒரு ஸ்டேஷன் கதை

கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்துல நின்னு கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கடந்து போறதைப் பார்த்திருக்கீங்களா? பொதுப்பெட்டி வாசல்ல கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பையன்கள்ல சிலர் வேலைக்குப் போறதே இந்த ஊருக்குத்தான். சிப்காட்ல இரும்பு உருக்கும் ஆலையோ, வேற ஏதாவது கம்பெனியோ அவங்களுக்காகக் காத்திருக்கும். ஆனா, ரயில் நிற்காது. ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரு நாள் பயணம் செஞ்சு வர்றவங்க, தாங்கள் இறங்க வேண்டிய ஊரைக் கண்ணால பார்த்துக்கிட்டே கடந்துபோய் சென்ட்ரல்ல இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கிட்டு பக்கத்து லோக்கல் டெர்மினலுக்கு நடந்து, டிக்கெட் எடுத்து, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வந்த வழியே திரும்பி வரணும்.

வட மாநிலத் தொழிலாளிக்கு மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க. பொன்னேரியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போறவங்க, திருநின்றவூரிலிருந்து காலேஜுக்கு வர்றவங்க, மீஞ்சூரிலிருந்து அம்மாவை ஜி.எச்-சுக்கு அழைச்சுட்டு வர்றவங்க என எல்லாரையும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குப் பக்கத்துல கொண்டுவந்துதான் ரயில் இறக்கிவிடுது. தினமும் பார்க்கிற இடம்கிறதாலேயே அதைப் பத்தி நமக்குப் பெருசா எதுவும் தெரியறதில்லை. அந்த இடம் எப்படி உருவாச்சு, இப்போ எப்படி மாறிக்கிட்டிருக்கு, உங்க லோக்கல் ஏன் அடிக்கடி லேட்டாகுதுன்னு கொஞ்சம் பார்க்கலாம்.

சென்ட்ரலுக்கு முன்னாடியே திருவள்ளூர்!

திருவள்ளூர்க்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். சென்ட்ரல் ஸ்டேஷன் பிறக்குறதுக்கு 17 வருஷத்துக்கு முன்னாடியே உங்க ஊருக்கு ரயில் வந்தாச்சு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி, ஆற்காடு பக்கமுள்ள வாலாஜா ரோடு நோக்கிப் போனது. அதே நாளில் இன்னொரு ரயில் ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வரைக்கும் ஓடியது. அப்போ மெட்ராஸின் ஒரே ரயில் முனையம் ராயபுரம்தான்.

நகரம் பெருத்து, துறைமுகச் சரக்கும் கூடினபோது ராயபுரம் போதவில்லை. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி இரண்டாவது முனையத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் பார்க் டவுன். அந்தப் பக்கத்துக்கு ஜான் பெரேரா தோட்டம்னு பேர். 17-ம் நூற்றாண்டுல நாகப்பட்டினத்திலிருந்து வந்து குடியேறிய போர்ச்சுகீசிய வணிகர் ஒருவரோட தோட்டம் அது. பிற்காலத்தில் கவனிக்க ஆளில்லாமல் போய், சூதாட்டமும் சேவல் சண்டையும் நடக்கிற இடமாகிடுச்சு. 1873-ல் அங்கே ஸ்டேஷன் வந்தது.

நாம பார்க்கிற கட்டடம் ஒரே மூச்சுல கட்டினது இல்லை. அடிப்படை வடிவமைப்பு ஜார்ஜ் ஹார்டிங் என்பவருடையது. பிறகு ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் அதுல மாற்றங்கள் செஞ்சார். உச்சியில் நிற்கிற மணிக்கூண்டு அப்படி வந்ததுதான். பக்கத்துல இருக்கிற விக்டோரியா பப்ளிக் ஹாலும் சிஷோமின் வடிவமைப்பே. மணிக்கூண்டின் உயரம் 136 அடி. நாலு பக்கமும் முகம் உண்டு, கால் மணிக்கொரு தடவை மணி அடிக்கும். கீழே இருக்கிற ட்ராஃபிக் இரைச்சல்ல அதைக் கேட்டவங்க எத்தனை பேர்னு தெரியலை. காலை முதல் லோக்கலுக்கு வர்றவங்களுக்கு அந்த பாக்கியம் கிடைக்கலாம்.

1907-ல் சென்ட்ரல்தான் முதன்மை முனையம்னு ஆனது. ராயபுரம் ஓரங்கட்டப்பட்டது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துல கம்பீரமா நிற்கிற கல் கட்டடம், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகமாக 1922-ல் திறக்கப்பட்டது. 1951-ல் தெற்கு ரயில்வே உருவானபோது அதுவே அதன் தலைமையகமாகிடுச்சு.

பேர் விஷயத்துக்கும் வந்துடுவோம். மெட்ராஸ் சென்ட்ரல், பிறகு சென்னை சென்ட்ரல், 2019 ஏப்ரல் முதல் 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம்'. இத்தனை மாறியும் ரயில்வே கணக்குல அதோட சுருக்கக் குறியீடு இன்னிக்கும் 'எம்.ஏ.எஸ்'தான். அதாவது மெட்ராஸ். டிக்கெட் புக் பண்ணும்போது கவனிச்சுப் பாருங்க.

நீங்க இறங்குற இடம் ஒரு காலத்துல சந்தை

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், அரக்கோணம் லோக்கல்கள் சிவப்புக் கட்டடத்துக்குள்ள போறதில்லை. அதுக்கு மேற்கே இருக்கிற மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸுக்குப் போகும். 'மார்க்கெட் எங்கேப்பா?'ன்னு புதுசா வர்றவங்க கேட்பாங்க. மார்க்கெட் எரிஞ்சுபோச்சு.

கதை இதுதான். 1859-60 வாக்கில் கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் காலத்தில் இந்தப் பகுதி முழுக்க 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற பெரிய பூங்காவா அமைக்கப்பட்டது. சுமார் 116 ஏக்கர். குளம், மரங்கள், கொஞ்ச நாள்ல மிருகக்காட்சி சாலையும் வந்துடுச்சு. வண்டலூர் பூங்காவோட பூர்வீகம் இந்த இடம்தான். 'பார்க் டவுன்', 'பார்க் ஸ்டேஷன்'ங்கிற பேர்கள்ல இருக்கிற பார்க்கும் இதுதான். ஆனா அந்தப் பூங்காவைக் கொஞ்சம் கொஞ்சமா நகரம் தின்னுடுச்சு. ஒரு மூலையில் விக்டோரியா ஹால், இன்னொரு பக்கம் 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை, அப்புறம் நேரு ஸ்டேடியம். நடுவுல 1900-ல் வந்தது மூர் மார்க்கெட். அப்போதைய மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூரின் பேர்.

பழைய புத்தகம், பழைய கிராமபோன் தட்டு, கிளி, முயல், தங்கமீன், இரும்புச் சாமான் என அங்கே கிடைக்காத பொருள் இல்லைன்னு அந்தக் காலத்து ஆள்கள் கதை கதையாச் சொல்வாங்க. உங்க தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் ஓடிடும். 1980-களில் புறநகர் முனையத்துக்கு இடம் வேணும்னு ரயில்வே இந்த நிலத்தைக் கேட்டுக்கிட்டிருந்தது. 1985 மே 30 அன்று மார்க்கெட் தீக்கிரையானது. நிலம் ரயில்வேக்குக் கைமாறி, புறநகர் முனையமும் முன்பதிவு மையமும் உள்ள 13 மாடிக் கட்டடம் எழும்பியது. வியாபாரிகள்ல பலர் பக்கத்துல இருக்கிற அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனாங்க. இன்னிக்கும் பழைய பாடப்புத்தகம் தேடி அங்கே போறவங்க உண்டு. ஆனா அந்தப் பழைய கூட்டம் திரும்பி வரவேயில்லை.

ஸ்டேஷனோட கிழக்குப் பக்கம் இருக்கிற வால்டாக்ஸ் ரோட்டுக்கும் ஒரு குட்டிக்கதை இருக்கு. 18-ம் நூற்றாண்டுல கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டிய ஆங்கிலேயர், அந்தச் செலவுக்கு மக்களிடம் வரி கேட்டாங்க. மக்கள் மறுத்துட்டாங்க. வரி வசூலாகலை, பேர் மட்டும் ரோட்டுக்கு ஒட்டிக்கிச்சு. இப்போ அதுக்கு வ.உ.சி. சாலைன்னு பேர், ஆட்டோக்காரர்கிட்ட 'வால்டாக்ஸ்'னு சொன்னாத்தான் வேலைக்கு ஆகும்.

ரெண்டு தடம், ஒரு கழுத்து

இனி முக்கியமான விஷயம். சென்ட்ரல் ஒரு முட்டுச் சந்து. ரயில் உள்ளே வரும், நிற்கும், வந்த வழியே வெளியே போகும். கடந்துபோக வழி கிடையாது. அதனால எக்ஸ்பிரஸ், லோக்கல்னு எல்லாமே வெளியேற ஒரே கழுத்து, பேசின் பிரிட்ஜ். அங்கேதான் பாதை பிரியும். மேற்கே போனா வியாசர்பாடி, பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம். வடக்கே போனா கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, அப்புறம் ஆந்திரா. 'சென்ட்ரல் வந்தாச்சு'ன்னு வீட்டுக்கு போன்ல சொல்லிட்டு, பேசின் பிரிட்ஜ் சிக்னல்ல பத்து நிமிஷம் நின்ன அனுபவம் இல்லாத லோக்கல் பயணி இருக்கவே முடியாது. பெரிய மழைன்னா இன்னும் மோசம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ பேசின் பிரிட்ஜ் - வியாசர்பாடி இடையே பாலத்துல தண்ணீர் ஏறி, சென்ட்ரலே முடங்கிடுச்சு.

இந்த ரெண்டு தடத்துக்கும் மின்சாரம் வந்தது ஒரே வருஷம், 1979. ஆனா அதுக்கப்புறம் ரெண்டும் ஒரே மாதிரி வளரலை.

திருவள்ளூர் பக்கம் தொழிற்சாலைகளும் தண்டவாளமும் கைகோத்து வளர்ந்தது. 1955 அக்டோபர் 2-ல் நேரு தொடங்கி வைத்த பெரம்பூர் ஐ.சி.எஃப் இந்தத் தடத்துலதான் இருக்கு. வந்தே பாரத் பிறந்த இடம் அது. அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைன்னு வேலை பெருகப் பெருக, வீடுகள் திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை தாண்டிப் போச்சு. இன்னிக்கு சென்னை - திருவள்ளூர் இடையே நாலு தண்டவாளம். எக்ஸ்பிரஸுக்குத் தனி வழி, லோக்கலுக்குத் தனி வழின்னு பெருமளவு பிரிச்சு ஓட்ட முடியுது. இடையில் பல ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட் லோக்கலும் உண்டு. 2024 நவம்பர்ல பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்த பிறகு, காலையில எதிர்த்திசையில், அதாவது நகரத்துக்குள்ளிருந்து வெளியே வேலைக்குப் போற ஐ.டி கூட்டமும் இந்தத் தடத்துல சேர்ந்திருக்கு. கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை மெட்ரோவை நீட்டிக்கத் திட்ட அறிக்கையும் தயார்.

கும்மிடிப்பூண்டி பக்கம் கதையே வேற. சென்னையிலிருந்து வடக்கே கூடூர் வழியா ரயில் இணைப்பு வந்தது 1899-ல். கொல்கத்தா, டெல்லி போற பெரிய ரயில்களுக்கெல்லாம் இதுதான் வாசல். அனல் மின் நிலையங்கள், 2001-ல் செயல்பட ஆரம்பிச்ச எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் என நிலக்கரியும் கன்டெய்னரும் ஏற்றிய சரக்கு ரயில்களும் இதே பக்கம். போதாததுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட், அதே தாலுகாவுல மிஷலின் டயர் தொழிற்சாலை இருக்கிற தேர்வாய் கண்டிகை சிப்காட். இவ்வளவையும் சுமக்கிற பாதையில், அத்திப்பட்டு வரைக்கும் கூடுதல் தண்டவாளம் உண்டு. அதுக்கு அப்புறம், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியா கும்மிடிப்பூண்டி வரை, வர ஒண்ணு, போக ஒண்ணு. அவ்வளவுதான்.

இப்போ புரியுதா, உங்க லோக்கல் ஏன் நந்தியம்பாக்கத்துல காரணமே சொல்லாம நிற்குதுன்னு? பின்னாடி ஒரு எக்ஸ்பிரஸ் வருது. அதுக்கு வழிவிடணும். முன்னாடி ஒரு சரக்கு ரயில் மெதுவா உருளுது. அது ஒதுங்கணும். இதுல தவிக்கிறது ஆபீஸ் போறவங்க மட்டும் இல்லை. ஷிஃப்ட் முறையில் ஒப்பந்தத் தொழிலாளியா இருக்கிறவங்களுக்கு அரை மணி நேரத் தாமதம்னா அரை நாள் சம்பளமே போயிடலாம். சிப்காட் கேட்டுல 'ட்ரெயின் லேட்'ங்கிற காரணம் எத்தனை நாளைக்குச் செல்லும், சொல்லுங்க.

ஒரு இடத்துல அடைச்சா என்ன ஆகும்னு 2024 அக்டோபர் 11 ராத்திரி காட்டுச்சு. மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன்ல போக சிக்னல் கிடைச்சிருந்தது. ஆனா கவரைப்பேட்டையில் அது லூப் லைனுக்குள்ள திரும்பி, அங்கே நின்னுக்கிட்டிருந்த சரக்கு ரயில்ல மோதியது. பலர் காயமடைஞ்சாங்க, உயிரிழப்பு இல்லைங்கிறது பெரிய ஆறுதல். பெட்டிகள் தடம்புரண்டு ரெண்டு பக்கமும் அடைபட, ரயில்கள் ரத்தாகின, திருப்பிவிடப்பட்டன. 'சுத்திப் போறதுக்கு' கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு வேற வழியே இல்லை.

நாலு தண்டவாளம் இருந்தா எல்லாம் சரியாகிடுமான்னு கேட்டா, அதுவும் இல்லை. 2025 ஜூலை 13 காலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடிச்சது. கரும்புகை பல கிலோமீட்டருக்குத் தெரிஞ்சது. மேல்நிலை மின்கம்பிகள் அறுந்து, சென்ட்ரலிலிருந்து மேற்கே போக வேண்டிய ரயில்கள் வரிசையா ரத்து. ஞாயிற்றுக்கிழமைங்கிறதால ஆபீஸ் கூட்டம் தப்பிச்சது. ஆனாலும் மூணு, நாலு தடம் இருக்கிற இடத்துல தினசரித் தாமதம் கணிசமா குறையுதுங்கிறதைத் திருவள்ளூர்க்காரங்களே சொல்வாங்க.

அத்திப்பட்டு - கும்மிடிப்பூண்டி இடையே 3-வது, 4-வது பாதைக்கு ஒப்புதல் கிடைச்சிருக்கு. தூரம் சுமார் 22 கிலோமீட்டர்தான். இன்னொரு பக்கம் 'அம்ரித் பாரத்' திட்டத்துல கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் ரெண்டு ஸ்டேஷனும் இருக்கு. புது முகப்பு, புது மேற்கூரை, லிஃப்ட் எல்லாம் நல்லதுதான், வேண்டாம்னு யார் சொல்வாங்க? ஆனா வரிசைப்படுத்தச் சொன்னா, நான் தண்டவாளத்தைத்தான் முதல்ல போடச் சொல்வேன்.

பூமிக்கு அடியில ஒரு சென்ட்ரல்

கடந்த பத்து வருஷத்துல சென்ட்ரலைச் சுற்றி நடந்த பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல நடந்தது. 2018 மே 25-ல் சென்ட்ரல் மெட்ரோ திறந்தது. பச்சை வழித்தடம் எழும்பூர், கோயம்பேடு வழியா பரங்கிமலைக்குப் போகும். 2019 பிப்ரவரியில் நீல வழித்தடமும் வந்து, சென்ட்ரல் ரெண்டு தடமும் சந்திக்கிற இடமாச்சு. சென்னை மெட்ரோவின் மிகப்பெரிய ஸ்டேஷன் இதுதான். முதல் தடவை போறவங்க வெளியே வர்ற வாசலைத் தேடியே ஒரு கிலோமீட்டர் நடந்துடுவாங்க. போர்டைப் பார்த்து நடங்க, பக்கத்துல போறவரைப் பின்தொடராதீங்க. அவரும் உங்களை மாதிரித்தான்.

மேலே, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி 'சென்ட்ரல் ஸ்கொயர்' என்ற பேர்ல நடைபாதைத் திடல், சுரங்கப்பாதைகள், நிலத்தடி வாகன நிறுத்தம்னு வந்திருக்கு. அதோட தொடர்ச்சியா 27 மாடி 'சென்ட்ரல் டவர்' திட்டமும் இருக்கு. ஆபீஸ்களும் கடைகளும் வரப்போகுது. 136 அடி மணிக்கூண்டு ஒரு காலத்துல இந்தப் பகுதிக்கே அடையாளம். இனிமே அது குட்டித் தம்பி மாதிரி தெரியும்.

நடைபாதையும் திடலும் வந்ததுல உண்மையான நன்மை ஒண்ணு உண்டு. முன்னாடி ஸ்டேஷன் வாசலிலிருந்து எதிர்ப்பக்கம் ஜி.எச்-சுக்கோ, பார்க் ஸ்டேஷனுக்கோ போகணும்னா, பஸ், ஆட்டோ, நடைபாதைக் கடைன்னு எல்லாத்தையும் முட்டிமோதித்தான் போகணும். இப்போ சாலைக்குக் கீழேயே கடக்கலாம். ஆனா ராத்திரி கடைசி ரயிலைத் தவறவிட்டவங்க, மறுநாள் டோக்கனுக்காக முதல் நாளே வந்து படுக்கிறவங்க, கையில காசு இல்லாம வேலை தேடி வந்தவங்க எல்லாம் இந்த ஸ்டேஷனைச் சுத்தித்தான் காலங்காலமா ராத்திரியைக் கழிக்கிறாங்க. புதுசா வர்ற கண்ணாடிக் கட்டடங்களோட வரைபடத்துல அவங்களுக்கு எத்தனை சதுர அடின்னு கேட்கத் தோணுது.

லோக்கல் பயணிகளுக்கு, கையோடு சில விஷயங்கள்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூரிலிருந்து அண்ணா சாலை, தேனாம்பேட்டை, கிண்டி, ஏர்போர்ட் பக்கம் போறவங்க சென்ட்ரல் வரை போகணும்னு கட்டாயமே இல்லை. 2021 பிப்ரவரியிலிருந்து நீல வழித்தட மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுது. விம்கோ நகர்ல லோக்கலை விட்டு இறங்கி மெட்ரோ பிடிச்சா, பேசின் பிரிட்ஜ் சிக்னல் தியானம் மிச்சம். செலவு கூடும், உண்மைதான். அவசரமான நாளுக்கு மட்டும் வெச்சுக்கங்க.

தாம்பரம் பக்கம் போறவங்க மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸிலிருந்து வெளியே வந்து, சுரங்கப்பாதை வழியா எதிர்ல இருக்கிற பார்க் ஸ்டேஷனுக்குப் போகலாம். கோயம்பேடுன்னா பச்சை மெட்ரோ.

மொபைல்ல லோக்கல் டிக்கெட் எடுக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேப்பர் இல்லாத டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள்ள நின்னுக்கிட்டு சாதாரணமா புக் பண்ண முடியாது. வெளியே இருக்கும்போதே எடுத்துடுங்க, இல்லைன்னா ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கிற க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணி எடுங்க. டி.டி.ஆரைத் தூரத்துல பார்த்ததும் ஆப்பைத் திறக்கிற டெக்னிக் எல்லாம் வேலைக்கு ஆகாது. ரயில்வேயின் 'ரயில்ஒன்' தவிர, 2025 செப்டம்பர்ல தமிழக அரசு கொண்டுவந்த 'சென்னை ஒன்' ஆப்லயும் பஸ், மெட்ரோ, லோக்கல் மூணுக்கும் டிக்கெட் எடுக்கலாம்.

தினசரி போறவங்க மாத சீசனை மூணு தடவை எடுக்கிறதுக்குப் பதிலா, மூணு மாத சீசன் எடுங்க. மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான் வரும். ஆறு மாதம்னா 5.4 மடங்கு. லோக்கல் சீசனைக் கையில வெச்சுக்கிட்டு எக்ஸ்பிரஸ்ல முன்பதிவுப் பெட்டியில ஏறிடாதீங்க. அபராதம் கட்டிட்டு வந்தவங்க ஆபீஸுக்கு ஒருத்தராவது இருப்பாங்க.

ஜி.எச்-சுக்கு வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறீங்களா? 1664-ல் கோட்டைக்குள்ள சின்னதா தொடங்கி, 1772-ல் இப்போதைய இடத்துக்கு வந்த ஆஸ்பத்திரி அது. வட மாவட்டங்களுக்கே பெரிய நம்பிக்கை. சென்ட்ரல் முட்டுச் சந்தா இருக்கிறதுல ஒரு வசதி இங்கேதான் கைகொடுக்குது. தண்டவாளம் முடியற இடத்துல எல்லா பிளாட்பாரமும் ஒரே மட்டத்துல சேர்ந்துடும். மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டாம். ரயிலோட முன்பக்கப் பெட்டியில ஏறினா, இறங்கினதும் நடை குறையும். அங்கிருந்து சாலையைக் கடக்க, மெட்ரோ பக்கத்து வாசல்ல லிஃப்ட் இருக்கு, எஸ்கலேட்டரும் இருக்கு. அவசரத்துல மேலேயே ஓடிக் கடக்க மட்டும் பார்க்காதீங்க. வெளிநோயாளிப் பிரிவு காலையிலதான் சுறுசுறுப்பா இருக்கும். அதனால பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து வர்றவங்க, விடியறதுக்குள்ள கிளம்பற லோக்கலைப் பிடிக்கிறது நல்லது. எட்டு மணிக்கு மேல அந்த ரெண்டு தண்டவாளத்துல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.